பலகையை என்ன செய்யப் போகிறீர்கள்?

ஒன்பதாயிரத்து இருநூற்று முப்பத்தாறு. அந்த வெள்ளிக்கிழமை காலைவரை பூட்டு அக்கா மூடிவைத்த நிறுவனங்களின் எண்ணிக்கை அது. திறந்துவைத்தது எத்தனை என்று யாராவது கேட்டால் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார்.

அக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் மட்டும் அது புழங்குகிறது. நிறுவனப் பதிவு அலுவலகத்தில் வாசல் காவலாளி முதல் பதிவாளர்வரை எல்லோருக்கும் அவர் பூட்டு அக்காதான். தரைத்தளம், ஏழாம் நம்பர் கவுன்ட்டர். கம்பெனி நடத்திக் களைத்தவர்கள் போதும் என்று முடிவெடுத்தால் அவருடைய கண்ணாடிக்கு முன்னால்தான் வந்து நிற்க வேண்டும்.

அந்தக் கட்டடத்தில் கம்பெனி பிறப்பது நாலாம் மாடியில். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு வருவார்கள். பதிவுச் சான்றிதழை நெஞ்சோடு பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். சாக்லேட் டப்பா ஒன்று மேசை மேசையாகச் சுற்றும். நடுவில் இருக்கிற மாடிகளில் அபராதம், முகவரி மாற்றம், வருடக் கணக்கு, அதைத் தாமதமாகக் கொடுத்ததற்கு மறுபடியும் அபராதம். எல்லாம் ஓய்ந்தால் தரைத்தளம். இங்கே யாரும் படம் எடுப்பதில்லை. சாக்லேட்டும் வருவதில்லை.

"மேல இருக்கிறவன் வாங்கித் தின்னு தின்னு சர்க்கரை வந்து கெடக்கான். நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்பார் அக்கா.

மேலே இருக்கிறவர் என்றால் பெயர்க்காரர். புதுக் கம்பெனிகளுக்குப் பெயர் ஒதுக்குகிற எழுத்தர். ஒரு பெயர் ஏற்கெனவே யாரிடமாவது இருக்கிறதா, இருந்தால் முடியாது, இல்லாவிட்டால் எடுத்துக்கொள் என்று சொல்வதுதான் அவர் வேலை. அக்காவும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அன்றிலிருந்து இன்றுவரை உள்தொலைபேசியில் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஏழாம் நம்பர் நாற்காலி அப்போது ராசியில்லாத நாற்காலி என்று பெயர் வாங்கியிருந்தது. யாரும் உட்கார மறுத்த இடத்தில், புதிதாக வந்த பெண் என்ன சொல்லிவிடப் போகிறாள் என்று அக்காவை உட்காரவைத்தார்கள். மூன்று முறை பதவி உயர்வோடு மேல்மாடிக்கு மாற்றல் வந்தது. மூன்று முறையும் அக்கா வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். காரணம் கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றார். வீட்டில் சொன்னது வேறு.

"ஆரம்பிக்க வர்றவங்க எல்லாரும் புளுகுவாங்க. கெட்ட எண்ணத்துல இல்ல, ஆசையில. அடுத்த வருஷம் அம்பது பேருக்கு வேலை குடுப்பேன்பாங்க. மூட வர்றவங்க அப்படி இல்ல. உள்ளதை உள்ளபடி சொல்லுவாங்க. இனிமே யாருக்கு என்ன பயம்? எனக்கு அவங்களோடதான் ஒத்துப்போகுது."

அவருடைய வீட்டுக்காரர் ரொட்டிக்கடையில் அடுப்புப் பார்ப்பவர். விடிவதற்கு முன்னால் வேலைக்குப் போய் மதியம் வீடு திரும்பிவிடுவார். மாலையில் அக்கா செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வரும்: "இன்னிக்கு எத்தனை கதவு சாத்தின?"

ஒரு நிறுவனத்தை மூடுவது சாதாரணக் காரியமில்லை. கடையைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனால் கடை மூடும், கம்பெனி மூடாது. அது பதிவேட்டில் உயிரோடுதான் இருக்கும். வருடா வருடம் கணக்குக் கேட்கும், அபராதம் போடும். முறையாக மூடுவதற்கு எல்லா இயக்குநர்களும் கையெழுத்துப் போட வேண்டும். வரி அலுவலகம் ஆட்சேபம் இல்லை என்று சொல்ல வேண்டும். பிறகு அறிவிப்பு, காத்திருப்பு. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு, அந்த வாரம் மூடப்படும் நிறுவனங்களின் பட்டியலை மோட்டார் சைக்கிளில் ஒருவர் அச்சகத்துக்கு எடுத்துப் போவார். அரசிதழில் அச்சானால் தீர்ந்தது கதை.

இந்த நடைமுறைகளில் எதிலும் இல்லாத ஒரு கேள்வியை அக்கா தானாகவே சேர்த்துவைத்திருந்தார். காகிதங்களை எல்லாம் வாங்கிச் சரிபார்த்து, முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்பார்:

"பலகையை என்ன பண்ணப் போறீங்க?"

கடை வாசலில் மாட்டியிருந்த பெயர்ப்பலகையை. நிஜமாகவே மூட வந்தவர்களிடம் இதற்குப் பதில் தயாராக இருக்கும். சோபா செய்து விற்றவர் அதைத் திருப்பிப் போட்டுக் கால் அடித்துச் சாப்பாட்டு மேசை ஆக்கியிருந்தார். சுற்றுலா வண்டி ஓட்டிய தம்பதி வீட்டு நாய்க்குக் கூரை போட்டிருந்தார்கள். 'உலகெங்கும் செல்லலாம்' என்ற எழுத்துக்குக் கீழே நாய் தூங்குகிறதாம். பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டேன் என்றவர்கள் நூற்றுக்கணக்கில். பதில் சொல்லத் தெரியாமல் தரையைப் பார்க்கிறவர்களும் உண்டு. அவர்களிடம் அக்கா முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, "போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. நான் எங்கயும் போயிட மாட்டேன்" என்பார். அதில் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை.

'ஏணி' கம்பெனியின் இரண்டு பேரும் தரையைப் பார்க்கவில்லை. அங்கேதான் அக்கா ஏமாந்தார்.

ஏணி என்பது லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி. அந்த நகரத்தில் பாதி லிஃப்டுகளுக்கு அவர்கள்தான் வைத்தியம். ஒவ்வொரு லிஃப்டுக்குள்ளும், பொத்தான்களுக்கு மேலே, மஞ்சள் ஸ்டிக்கர்: ஏணி, கீழே ஒரு தொலைபேசி எண். பெயரைப் பதிவு செய்ய வந்தபோது பெயர்க்காரர், "லிஃப்டுக்குப் போய் ஏணின்னு வச்சா ஜனம் பயந்து படியில ஏறிடாதா?" என்று கேட்டிருக்கிறார். "லிஃப்டு நின்னா எங்களைத்தானே கூப்பிடுவாங்க" என்றார்களாம். லிஃப்டில் மாட்டிக்கொண்ட மனிதன் படிப்பதற்கு வேறு என்ன இருக்கிறது? அந்த மஞ்சள் ஸ்டிக்கர்தான் அவர்களுடைய விளம்பரம், விலாசம், சொத்து.

பதிவு அலுவலகத்து லிஃப்டும் அவர்கள் பராமரிப்புதான். ஒருமுறை அக்கா ஒரு பெட்டி நிறையக் கோப்புகளோடு இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுபோனார். ஸ்டிக்கரில் இருந்த எண்ணை அழுத்தினார். மறுமுனையில் ஒரு பெண்குரல்: "ஏணி. பயப்படாதீங்க, கயிறு அறுந்து விழறதெல்லாம் சினிமாவுல. எந்த பில்டிங், எந்த மாடி?" ஆட்கள் வந்து சேரும்வரை அந்தப் பெண் தொலைபேசியை வைக்கவே இல்லை. என்ன சமையல், மகள் என்ன படிக்கிறாள், முழங்காலுக்கு என்ன தைலம் என்று பேசிக்கொண்டே இருந்தார்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஓடினார். இன்னொருவர் மூன்றாம் மாடிக் கதவைத் திறந்து தலையை நீட்டினார். மேலே இருப்பவர் பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்ற, கதவருகே இருப்பவர் கத்தினார்: "இன்னும்... இன்னும்... இன்னும் கொஞ்சம் மாப்ள... போதும்!" அக்காவின் கால்களுக்கு நேராக மூன்றாம் மாடித் தரை வந்து நின்றது. அந்த எண் அன்றிலிருந்து அக்காவுக்கு மனப்பாடம்.

மோட்டார், கயிறு எல்லாம் பார்ப்பவர் ஒருவர். கம்பி இணைப்பு, பொத்தான், கதவு எல்லாம் பார்ப்பவர் இன்னொருவர். மோட்டார்காரர், வயர்காரர் என்றுதான் நகரமே கூப்பிடும். தொலைபேசியில் பேசிய பெண், வயர்காரரின் தங்கை; மோட்டார்காரரின் மனைவி. ஆக, கம்பெனியில் கூட்டாளிகள், வீட்டில் மாப்பிள்ளையும் மச்சானும்.

சண்டை எப்படி வந்தது என்பதற்குப் பெரிய கதை எல்லாம் இல்லை. ஒரு மதியம், புதிதாகக் கட்டிய கட்டடத்தில் லிஃப்டுக்குள் நின்று வயர்காரர் சோதனை பார்த்துக்கொண்டிருந்தார். மின்சாரம் நின்றது. மொட்டைமாடியில் இருந்த மோட்டார்காரர், சரி, மின்சாரம் வரட்டும் என்று சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார். நிதானமாகச் சாப்பிட்டார். கை கழுவினார். கீழே உள்ளே இருந்து தட்டிய தட்டல் யாருக்கும் கேட்கவில்லை.

"நீ உள்ள இருக்கேன்னு எனக்குத் தெரியாது மச்சான்."

"தெரியும். தெரிஞ்சுதான் ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கிட்ட."

அவ்வளவுதான் தொடக்கம். அதற்குப் பிறகு பழைய லிஃப்டா புது லிஃப்டா, யார் சொல்வது சட்டம், யார் யாரை வாடிக்கையாளர் முன்னால் என்ன சொன்னது என்று பழைய பாக்கிகள் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பேச்சு நின்றது. பதிவு அலுவலகத்து லிஃப்டும் நின்றது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கம்பெனி ஆரம்பிக்க நாலு மாடி ஏறுகிறவன் மூச்சு வாங்கியே செத்து நேராக ஏழாம் நம்பர் கவுன்ட்டருக்கு வந்துவிடுவான் என்று அலுவலகத்தில் கேலி பேசிக்கொண்டார்கள்.

மூடுவதற்கான விண்ணப்பத்தோடு அவர்கள் வந்த நாள் அக்காவுக்கு நன்றாக ஞாபகம். அவ்வளவு சுமுகமான மூடுவிழாவை அவர் பார்த்ததே இல்லை. வழக்கமாகப் பிரிகிற கூட்டாளிகள் மேசை விசிறிக்குக்கூட மல்லுக்கு நிற்பார்கள். இவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லையே தவிர, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார்கள்.

"பலகையை என்ன பண்ணப் போறீங்க?"

"என்கிட்ட இருக்கட்டும்" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே நேரத்தில்.

"சரி, நீயே வச்சுக்க" என்றார் மோட்டார்காரர் உடனே.

"பரவால்ல, நீ வச்சுக்க" என்றார் வயர்காரர்.

அக்காவுக்கு அப்போதே ஏதோ உறுத்தியது. ஆனால் பின்னால் வரிசை வாசல்வரை நின்றது. காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன. முத்திரையைக் குத்தினார். குத்திக்கொண்டே, ஆயிரம் தடவை சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியத்தையும் சொன்னார்: "அரசிதழ்ல வந்த நாள்லேருந்து பத்து வருஷத்துக்கு இந்தப் பேர் யாருக்கும் ஒதுக்கப்பட மாட்டாது." பேருந்தில் நடத்துநர் அடுத்த நிறுத்தத்தைச் சொல்வாரே, அந்த வேகம். இறங்க வேண்டியவர் காதிலேயே விழாது. மோட்டார்காரர் ஓரக்கண்ணால் வயர்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயர்காரர் ஓரக்கண்ணால் மோட்டார்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தலைகளும் ஆடின.

இப்போது வெள்ளிக்கிழமை. ஏணி அன்றைய பட்டியலில் இருந்தது. மதியச் சாப்பாட்டு டப்பாவை அக்கா மூடிக்கொண்டிருக்கும்போது உள்தொலைபேசி கிணுகிணுத்தது.

"பூட்டு, நீ சரியா பூட்டலை" என்றார் பெயர்க்காரர். குரலில் சிரிப்பு நிரம்பி வழிந்தது. "நீ அடக்கம் பண்ணது எல்லாம் எந்திரிச்சு மேல வந்து நிக்குது."

"சாப்பிட்டு உளறு. வெறும் வயித்துல உளறாத."

"கேளும்மா. காலையில கதவு திறந்ததும் ஒருத்தர் வந்தாரு. திங்கட்கிழமையிலேருந்து ஏணிங்கிற பேர் எனக்கு வேணும், நான்தான் முதல் ஆள்னு குறிச்சு வச்சுக்கங்கன்னாரு. மூச்சு வாங்குது அவருக்கு. சாப்பாட்டுக்கு அப்புறம் வாங்கன்னு அனுப்பிட்டேன். அவரு அந்தப் பக்கம் போறாரு, இந்தப் பக்கம் இன்னொருத்தர். அதே பேரு. அதே திங்கட்கிழமை. அவருக்கும் மூச்சு வாங்குது."

அக்கா டப்பாவைக் கீழே வைத்தார்.

இதுதான் விஷயம். சண்டையில்லாமல் மூடிவிட்டால் பெயர் அவிழ்ந்து விழும். விழுந்த பெயரை முதலில் ஓடிப்போய் எடுக்கிறவன் நானாக இருப்பேன் என்று இரண்டு பேரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பெயர் கிடைத்தால் ஸ்டிக்கர் கிடைத்தது. ஸ்டிக்கர் கிடைத்தால் பாதி நகரம் கிடைத்தது. பலகையை நீ வைத்துக்கொள் என்ற பெருந்தன்மை எல்லாம் அதற்காகத்தான். ஒருவருக்கு வந்த யோசனை இன்னொருவருக்கும் வரும் என்பது மட்டும் இருவருக்கும் தோன்றவில்லை. இவ்வளவு காலம் ஒரே லிஃப்டில் வேலை செய்தவர்களுக்கு வேறு எப்படி யோசனை வரும்?

"நீ சொன்னியா, பேரு பத்து வருஷத்துக்கு யாருக்கும் கிடையாதுன்னு?" என்று கேட்டார் அக்கா.

"பூட்டறது உன் டிபார்ட்மென்ட். நான் எதுக்கு நடுவுல? முடியாதுன்னு சொல்றதுக்குத் திங்கட்கிழமை இருக்கு எனக்கு."

"திங்கட்கிழமை சொல்லி என்ன பிரயோஜனம்? நாலு மணிக்குப் பட்டியல் போயிடும். ரெண்டு பேரும் திரும்பி வந்தா கீழ அனுப்பு."

"என்னன்னு சொல்லி?"

"ஒரு கையெழுத்து விட்டுப்போச்சுன்னு சொல்லு."

"பொய்யில்ல?"

"இல்ல. போடப்போறாங்க."

பட்டியலில் இருந்து ஒரு பெயரை அடிக்க அக்காவுக்கு அதிகாரம் கிடையாது. மூட விரும்பவில்லை என்று எல்லா இயக்குநர்களும் கையெழுத்துப் போட்ட கடிதம் நாலு மணிக்குள் வந்தால் மட்டும் அடிக்கலாம். ஒருவர் போட்டு இன்னொருவர் போடாவிட்டால் செல்லாது. இவர்களோ ஒருவர் வந்த பக்கம் ஒருவர் வருவதில்லை. அக்கா கொஞ்ச நேரம் முத்திரையை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு தன் கைபேசியை எடுத்து, மனப்பாடமாக இருந்த எண்ணை அழுத்தினார்.

"ஏணி. பயப்படாதீங்க. எந்த பில்டிங், எந்த மாடி?"

"தரைத்தளம்தான் தாயி. நான் மாட்டிக்கல, நீங்கதான் மாட்டியிருக்கீங்க."

அக்கா நடந்ததைச் சொன்னார்.  "ரெண்டு பேருமா?" என்றது அந்தக் குரல்.

"ரெண்டு பேருந்தான்."

"எங்க வீட்டுக்காரர் காலையில பல்லு டாக்டரைப் பார்க்கப் போறேன்னாரு. எங்க அண்ணன் பேங்குக்குப் போறேன்னுச்சு. இருங்க, வர்றேன்."

அன்று அவர்கள் இரண்டு பேரும் லிஃப்டுக்குள் ஒன்றாக மாட்டிக்கொண்டார்கள் என்றும், உள்ளேயே சமாதானம் ஆனார்கள் என்றும் அந்த அலுவலகத்தில் இன்றுவரை ஒரு கதை உலவுகிறது. அது சுத்தப் புளுகு. லிஃப்ட் நின்று மாதக்கணக்காகிறது என்பது அதை நிறுத்தி வைத்திருந்த அவர்களுக்குத் தெரியாதா? இரண்டு பேரும் படியில்தான் இறங்கினார்கள். மோட்டார்காரர் முன்னால், ஒரு மாடி பின்னால் வயர்காரர்.

ஏழாம் நம்பர் கவுன்ட்டருக்கு முன்னால் இருந்த பெஞ்சில் இந்தக் கோடியில் ஒருவரும் அந்தக் கோடியில் ஒருவருமாக உட்கார்ந்தார்கள். நடுவில் மூன்று பேர் உட்காரும் இடம் காலி. சிறிது நேரத்தில் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் ஒரு பெண் உள்ளே நுழைந்து அந்தக் காலி இடத்தின் நடுவில் உட்கார்ந்தார்.

"பல்லு எப்படி இருக்கு?" என்றார் ஒரு பக்கம் திரும்பி. "பேங்க்ல கூட்டமாண்ணே?" என்றார் மறுபக்கம் திரும்பி.

 அக்கா கண்ணாடியில் இருந்த சின்னத் துளைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தார். இந்தமுறை நடத்துநர் வேகத்தில் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"நாலு மணிக்குப் பட்டியல் போகும். போனா கம்பெனி முடிஞ்சது. அந்தப் பேரும் முடிஞ்சது. பத்து வருஷத்துக்கு அந்தப் பேரை யாரும் எடுக்க முடியாது."

"யாரும்னா?" என்றார் மோட்டார்காரர். "இவருக்குக் கிடையாதுன்னு புரியுது."

"உங்களுக்கும் கிடையாது."

"எனக்கு?" என்றார் வயர்காரர்.

"கிடையாது. எனக்கும் கிடையாது. மேல இருக்காரே பெயர்க்காரர், அவரு பேரன் கம்பெனிக்கு வைக்கணும்னாகூட முடியாது."

"அப்ப அந்த ஸ்டிக்கர் எல்லாம்?"

"சுரண்டி எடுக்க வேண்டியதுதான்."

வயர்காரர் கூரையைப் பார்த்தார். மோட்டார்காரர் ஒரு தடவை தொண்டையைச் செருமினார். பிறகு, அவ்வளவு மாதங்களில் முதல்முறையாக, நேராகக் கேட்டார்: "நீயும் மேல போனியா?"

"நீ போகலாம், நான் போகக் கூடாதா?"

"எனக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி. ரெண்டாவது மாடியில நின்னு மூச்சு வாங்கினேன், அதுல லேட்டு. எவனோ லிஃப்டைச் சரி பண்ணாம போட்டு வச்சிருக்கான்."

"அந்த எவன்ல நீயும் ஒருத்தன்."

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "மேடம், மூட வேண்டாம்னு எழுதிக் குடுக்கலாமா?"

"ரெண்டு கையெழுத்தும் வேணும். மூணே முக்காலுக்குள்ள என் கைக்கு வரணும்."

"நான் போடறேன், இவரு போட மாட்டாரு" என்றார் மோட்டார்காரர்.

"அதை நான் சொல்லணும். நான் போடுவேன், அப்புறம் பழைய மாதிரி இவரு சொல்றதுதான் வேலைன்னா? கம்பெனி பொழைக்கும், நான் பொழைக்க வேண்டாமா?"

"யாரு சொல்றதும் வேண்டாம். இனிமே நான் சொல்றேன்" என்றார் தங்கை. தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "என்னையும் இயக்குநரா சேருங்க. ஸ்டிக்கர்ல இருக்கிற நம்பர் யாருது? ஊர்ல ஏணின்னா யார் குரல் ஞாபகம் வருது? நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டாலும் மூணாவது ஓட்டு என்னுது. பழைய லிஃப்டுக்கு நீங்க போங்க. புது லிஃப்டு அண்ணன் மாட்டட்டும். ஆளை வெளிய எடுக்கிற வேலைன்னா ரெண்டு பேரும் போகணும். இஷ்டம் இல்லைன்னா நாலு மணி ஆகட்டும், நான் வேற நம்பர் வாங்கிக்கறேன்."

"வேற நம்பர் வாங்கி?" என்றார் மோட்டார்காரர்.

"சொந்தமா ஒரு கம்பெனி ஆரம்பிக்கிறேன். மேல போனா பேரு தருவாங்கல்ல மேடம்?"

"பேஷா தருவாங்க" என்றார் அக்கா. "சாக்லேட் மட்டும் நீங்க வாங்கிட்டுப் போகணும்."

அப்போது தங்கையின் பைக்குள் தொலைபேசி அடித்தது. ஒரு விரலை உயர்த்தி எல்லோரையும் நிறுத்திவிட்டு எடுத்தார். "ஏணி. பயப்படாதீங்க... எந்த பில்டிங்? சரிம்மா. கூட யாராவது இருக்காங்களா? தனியாவா? சரி, லைன்லயே இருங்க. உங்க பேர் சொல்லுங்க... அழகான பேரு..."

"எந்த மாடி?" என்று கேட்டார்கள் இரண்டு பேரும். இரண்டு பேரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

தங்கை பேச்சை நிறுத்தாமல் ஒரு கையால் கண்ணாடியைச் சுட்டிக் காட்டினார். அக்கா வெள்ளைத் தாளைத் துளைக்குள் தள்ளினார். வயர்காரர் எழுதினார், அவர் கையெழுத்துத்தான் படிக்கிற மாதிரி இருக்கும். மூட விரும்பவில்லை, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறோம். இரண்டே வரி. கையெழுத்துப் போட்டுத் தாளை நகர்த்தினார். மோட்டார்காரர் பேனாவைப் பிடித்துக்கொண்டே, "சாப்பிட்டது என் தப்புதான் மச்சான். ஆனா ரெண்டாவது தடவை போட்டுக்கல" என்றார்.

"போட்டுக்கிட்ட."

"தங்கச்சி புருஷனைக் கொஞ்சம் நம்பு."

"முதல்ல கையெழுத்தைப் போடு மாப்ள, அங்க ஒரு அம்மா நிக்குது."

போட்டார். உடனே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். தங்கை கட்டடத்தின் பெயரையும் மாடியையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டினார். மோட்டார்காரர் தன் வண்டியில் கிளம்பினார். வயர்காரர் தன் வண்டியில் கிளம்பினார். ஒரே கட்டடத்துக்கு இரண்டு வண்டிகள் போயின. தங்கை மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்து, யாரென்றே தெரியாத ஒரு பெண்ணிடம் அவருடைய பூனையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். கடைசியில், "வந்துட்டாங்களா? மேல இருந்து கத்தறாங்களா? அப்ப ஒண்ணும் கவலையில்ல, அவங்க அப்படித்தான்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

பட்டியலில் பதினான்காவதாக இருந்த ஏணியை அக்கா கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். மோட்டார் சைக்கிள்காரர் நாலு மணிக்குப் பட்டியலை வாங்கிக்கொண்டு போனார். உள்தொலைபேசி மறுபடியும் கிணுகிணுத்தது.

"என்ன பூட்டு, என் ஆளுங்க ரெண்டு பேரையும் கெடுத்துட்டியாம்?"

"அந்த ரெண்டு விண்ணப்பத்தையும் கிழிச்சுப் போடு."

"கிழிச்சாச்சு. இதுல உனக்கு என்ன லாபம்?"

"முழங்கால்" என்று சொல்லிவிட்டு அக்கா தொலைபேசியை வைத்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இன்னிக்கு எத்தனை கதவு சாத்தின?"

"இருபத்திரண்டு."

"இருபத்திமூணுன்னு காலையில சொன்ன?"

"ஒண்ணு காத்துல ஆடிக்கிட்டிருந்துச்சு. விட்டுட்டேன்."

வீட்டுக்காரர் ரொட்டியைச் சூடுபண்ணித் தட்டில் வைத்து நீட்டினார். கடையில் கருகிப்போன ஓரத்தை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொண்டுவருவது அவர் வழக்கம். அக்கா சுவரில் சாய்ந்து கால்களை நீட்டிக்கொண்டு நடந்ததை எல்லாம் சொன்னார். மோட்டார்காரர் எத்தனை தடவை சோறு போட்டுக்கொண்டார் என்பதில் வீட்டுக்காரருக்கு ரொம்ப ஆர்வம். ஒரு தடவைதான் இருக்கும் என்றார் அவர். நிச்சயம் இரண்டு என்றார் அக்கா. சாப்பிட்டு முடிக்கிறவரை அந்த வழக்கு தீரவில்லை.

ஒன்பதாயிரத்து இருநூற்று ஐம்பத்தெட்டு. இன்றைய தேதிக்கு அக்காவின் கணக்கு அதுதான். மூன்றாவது இயக்குநரைச் சேர்க்கும் படிவம் மூன்றாம் மாடியில் கொடுக்க வேண்டியது, அவர் கவுன்ட்டருக்கு வராது. பதிவு அலுவலகத்து லிஃப்டைச் சரிபார்க்கத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஏணியிலிருந்து ஆள் வருகிறது.